ஓ3 போட்டும் ஏன் நகரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கம்பைலர் (எழுதிய கோடை மெஷின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) செட்டிங் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், அதற்கு வந்த கேள்விகளே இந்தத் தடவை பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரு முன்குறிப்பு: ஓ என்பது கோடை வேகமாக்கும் வேலையை (ஆப்டிமைசேஷன்) எவ்வளவு செய்ய வேண்டும் என்று கம்பைலரிடம் சொல்லும் சுவிட்ச், ஓ0 என்றால் கிட்டத்தட்ட எதுவும் வேண்டாம், ஓ2, ஓ3 என்று ஏற ஏற அதிகம். சுவிட்சுகளை எல்லாம் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன், முன்னால் வரும் கழித்தல் குறியையும் விட்டுவிட்டேன். அப்படியே டெர்மினலில் தட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை சார்" என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சி++-இல் படங்களின் அளவைச் சுருக்கும் புரோகிராம் எழுதியிருக்கிறேன். சிமேக் (பில்டு கட்டளைகளைத் தயாரிக்கும் கருவி) ஃபைலில் ஓ3 என்று நானே கைப்பட எழுதினேன். அதே கோடு, அதே மாடல் லேப்டாப், நண்பரிடம் 4 விநாடியில் முடிகிற வேலை என்னிடம் 50 விநாடி எடுக்கிறது. லூப்பை மூன்று விதமாக மாற்றி எழுதியும் பிரயோஜனம் இல்லை. பில்டு ஆகும்போது திரையில் ஓடுகிற வரி: "ஜி++ ஓ3 வால் ஜி ஓ0", பிறகு ஃபைல் பெயர். என்ன செய்யலாம்?
– ஓசூர் வாசகர்

பதில்: உங்கள் லூப் பாவம், அதை விட்டுவிடுங்கள். நீங்களே எழுதி அனுப்பிய அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஆரம்பத்தில் ஓ3 இருக்கிறது, சரி. நாலு எட்டு தள்ளி ஓ0, அதாவது ஓ பூஜ்யம், அதுவும் இருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலருக்கு (ஜி++ அதன் சி++ வடிவம்) இரண்டு ஓ கொடுத்தால் அது சண்டைக்கும் வராது, எச்சரிக்கையும் தராது, கடைசியாக வந்தது எதுவோ அதை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். சிமேக்கின் வழக்கம் என்னவென்றால் எல்லா பில்டுக்கும் பொதுவான சுவிட்சுகளை முதலில் வைத்து, டீபக் (பிழை தேட), ரிலீஸ் (வெளியிட) என்று அந்தந்த வகைக்கு உரியதை அதன் பின்னால் ஒட்டும். நீங்கள் ஓ3-ஐப் பொதுவான இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், டீபக் வகைக்குள் யாரோ ஒரு புண்ணியவான் ஓ0 சேர்த்து வைத்திருக்கிறார், உங்கள் எடிட்டர் டீபக்கில் நிற்கிறது. நண்பருடையது ரிலீஸில் நிற்கும், கேட்டுப் பாருங்கள்.

ஓ0 என்றால் கம்பைலர் சோம்பேறியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அது வேறு ஒரு வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. டீபக்கரில் எந்த வரியில் நிறுத்தினாலும் எல்லா வேரியபிளும் அதனதன் இடத்தில் சரியான மதிப்போடு இருக்க வேண்டும், நடுவில் நீங்கள் கை வைத்து மதிப்பை மாற்றினாலும் அடுத்த வரி அந்தப் புது மதிப்பையே எடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரி முடிந்ததும் ரிஜிஸ்டரில் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன இடம்) இருப்பதை மெமரியில் கொண்டுபோய் வைக்கிறது, அடுத்த வரிக்குத் திரும்ப எடுத்து வருகிறது. லூப்பை எண்ணுகிற "ஐ" கூட இப்படித்தான் போவதும் வருவதுமாக அலைகிறது. சி++ என்றால் கூடுதல் தொல்லை. வெக்டரில் ஒரு எலிமெண்டைத் தொட சதுர அடைப்புக்குறி போடுகிறோமே, அது உண்மையில் ஒரு ஃபங்ஷன். ஓ2-வில் அது இருந்த இடம் தெரியாமல் கரைந்து ஒரே ஒரு மெமரி வாசிப்பாகிவிடும், ஓ0-வில் ஒவ்வொரு தடவையும் அங்கே போய்விட்டுத்தான் வர வேண்டும். 1920-க்கு 1080 படத்தில் 20 லட்சத்துக்கும் மேல் பிக்சல், பிக்சலுக்கு மூன்று நிறம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் யாருக்கும் உபதேசம் செய்கிற தகுதி எனக்கு இல்லை. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ரிப்போர்ட் தயாரிக்கும் புரோகிராம் ஒன்று மெதுவாக ஓடுகிறது என்று மூன்று நாள் உட்கார்ந்து சார்ட்டிங்கை மாற்றினேன், ஹேஷ் டேபிளை மாற்றினேன், கடைசியில் கேஷ் மெமரி பற்றி ஒரு மீட்டிங்கே போட்டு போர்டில் படமெல்லாம் வரைந்தேன். நாலாவது நாள் காபி எடுக்கப் போன இடத்தில் பக்கத்து டீம் பெண் ஒருவர் சாதாரணமாக, "எந்த பில்டு டைப்ல ஓட்றீங்க?" என்று கேட்டார். எந்த டைப்பும் இல்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். காலியாக விட்டால் சிமேக் தன் பங்குக்கு ஓ எதையும் சேர்க்காது, ஓ எதுவுமே இல்லையென்றால் ஜிசிசி-க்கு அது ஓ0 தான். ரிலீஸ் என்று ஒரு வார்த்தை சேர்த்தேன், புரோகிராம் பறந்தது. அந்த மீட்டிங்குக்கு வந்தவர்கள் முகத்தில் இரண்டு வாரம் விழிக்கவில்லை.

ஆகவே கோடைத் தொடும் முன்பு கம்பைலருக்கு உண்மையில் என்ன கட்டளை போகிறது என்று பாருங்கள், சிமேக் ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். மேக் கட்டளையோடு வெர்போஸ்=1 சேர்த்தால் முழு வரியும் திரையில் வரும். இன்னொரு வழி, ஜிசிசி-யிடம் உங்கள் சுவிட்சுகளோடு பெரிய க்யூ-வையும் ஹெல்ப்=ஆப்டிமைசர்ஸ் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், எந்த ஆப்டிமைசேஷன் ஆன், எது ஆஃப் என்று நீளமாகப் பட்டியல் போட்டுக் காட்டும். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு சிலர் செய்கிற ஒரு வேலை உண்டு: ஓ3-இல் ஆன் ஆகிற சுவிட்சுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதி, ஓ மட்டும் போடாமல் விடுவது. பலிக்காது. ஓ0-வில் இருக்கும்போது தனித்தனியாக எத்தனை சுவிட்ச் கொடுத்தாலும் பெரும்பாலான ஆப்டிமைசேஷன்கள் ஓடவே ஓடாது, மெயினை அணைத்துவிட்டு ரூம் ரூமாக ஸ்விட்ச் போடுகிற கதைதான்.

விஷுவல் ஸ்டுடியோவில் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. டீபக்குக்கான ஆர்டிசி என்ற ரன்டைம் சோதனையையும் ஓ2-வையும் ஒன்றாகக் கொடுத்தால், இரண்டும் ஒத்துப்போகாது என்று எர்ரர் அடித்து நின்றுவிடும். எனக்கு ஜிசிசி-யின் மௌனத்தைவிட இது நேர்மையாகப் படுகிறது.

ரிலீஸுக்கு மாறும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிமேக்கின் ரிலீஸ் ஓ3 மட்டும் சேர்ப்பதில்லை, என்டீபக் என்ற மேக்ரோவையும் சேர்க்கும், அது வந்தால் அசர்ட் (நிபந்தனை சரியா என்று பார்க்கும் சோதனை) எல்லாம் காணாமல் போகும். அசர்ட்டின் அடைப்புக்குறிக்குள் ஃபைலைத் திறக்கிற வேலையை யாராவது எழுதி வைத்திருந்தால் அந்த ஃபைலே திறக்காது. அப்புறம் "ஓ3 கோடைக் கெடுத்துவிட்டது" என்று பழி அதன் தலையில் விழும்.

கேள்வி: புராஜெக்டில் பத்து லட்சம் ஃப்ளோட் (தசம) எண்களுக்கு வர்க்கமூலம் எடுத்து எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஓ3 போட்டும் லூப் வெக்டரைஸ் (பல எண்களை ஒரே கட்டளையில் முடிப்பது) ஆகவில்லை. சீனியர் அண்ணா "ஃபாஸ்ட்-மேத் போடு, முடிஞ்சது" என்கிறார். எங்கள் மேடம் "அதை மட்டும் தொடாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– பாளையங்கோட்டை மாணவி

பதில்: மேடம் பேச்சை. ஆனால் அண்ணா சொன்னதிலும் எடுத்துக்கொள்ள ஒரு துண்டு இருக்கிறது.

உங்கள் லூப்பில் இரண்டு தடைகள், இரண்டும் வேறு வேறு. முதலாவது எர்நோ. மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் லினக்ஸின் கணித நூலகம் எர்நோ என்ற வேரியபிளில் பிழை எண்ணை எழுதி வைக்கும். ப்ராசசரிலேயே வர்க்கமூலத்துக்கென்று தனிக் கட்டளை இருக்கிறது, ஆனால் அதற்கு எர்நோ என்றால் என்னவென்றே தெரியாது. எனவே கம்பைலர் அந்தக் கட்டளையைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே "எண் பூஜ்யத்துக்குக் கீழேயா?" என்று ஒரு சோதனையும், ஆமாம் என்றால் நூலக ஃபங்ஷனைக் கூப்பிட ஒரு கிளையும் வைக்கிறது. எண்ணுக்கு எண் இப்படி ஒரு கிளை இருந்தால் நான்கு எண்களைச் சேர்த்து ஒரே கட்டளையில் எப்படி முடிப்பது? நீங்கள் எர்நோவைப் பார்க்கவே போவதில்லை, ஆனால் அதைக் கம்பைலரிடம் யாரும் சொல்லவில்லை. நோ-மேத்-எர்நோ என்ற ஒரு சுவிட்ச் போதும், கிளை போய்விடும், விடையில் ஒரு பிட் கூட மாறாது. மேக் கம்ப்யூட்டரில் கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இதை முதலிலேயே அணைத்துத்தான் தருகிறது, அதனால்தான் ஒரே கோடு அங்கே வெக்டரைஸ் ஆகி இங்கே ஆகாமல் நிற்பதும் உண்டு.

இரண்டாவது தடை கூட்டல். கணக்குப் புத்தகத்தில் கூட்டலை எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்று, ஃப்ளோட்டில் அப்படியில்லை. 10 கோடியை ஒரு ஃப்ளோட்டில் வைத்து 1 கூட்டுங்கள், 10 கோடியே திரும்ப வரும், ஏனென்றால் அந்த உயரத்தில் ஃப்ளோட்டுக்கு அடுத்த எண் 8 தள்ளித்தான் இருக்கிறது. அதிலிருந்து 10 கோடியைக் கழித்தால் 0. இப்போது வரிசையை மாற்றி, முதலில் 10 கோடியிலிருந்து 10 கோடியைக் கழித்துவிட்டு அப்புறம் 1 கூட்டினால் விடை 1. வெக்டரைஸ் செய்வதென்றால் நான்கு தனிக் கூட்டுத்தொகைகளை வைத்துக் கடைசியில் ஒன்று சேர்க்க வேண்டும், அதாவது வரிசையை மாற்ற வேண்டும். நீங்கள் எழுதிய வரிசைக்கு என்ன விடை வருமோ அதையே தருவது தன் கடமை என்று கம்பைலர் நினைக்கிறது, அந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல முடியாது.

ஃபாஸ்ட்-மேத் இந்த இரண்டு தடையையும் நீக்கும், சரிதான். கூடவே நீங்கள் கேட்காத நாலைந்து சத்தியங்களையும் உங்கள் பெயரில் செய்து கொடுத்துவிடும். அதில் ஒன்று, "என் புரோகிராமில் இன்ஃபினிட்டியும் கிடையாது, நேன் எனப்படும் எண் அல்லாத மதிப்பும் கிடையாது" என்பது. சத்தியத்தை நம்பிய கம்பைலர், நீங்கள் கவனமாக எழுதிய "இது நேனா?" என்ற சோதனைக்கு விடை எப்போதும் "இல்லை"தான் என்று முடிவு கட்டி அதையே தூக்கிவிடும். கஹான் கூட்டல் முறை கேள்விப்பட்டிருப்பீர்கள், விட்டுப்போகிற சில்லறையைத் தனியே சேர்த்து வைத்துத் திரும்பக் கூட்டுவது. ஃபாஸ்ட்-மேத் கண்ணுக்கு அந்தச் சில்லறை இயற்கணிதப்படி பூஜ்யம், அதுவும் வெட்டப்படும், துல்லியத்துக்காக எழுதிய நாலு வரியும் வீண்.

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சல் தந்தது இன்னொன்று. பழைய ஜிசிசி-யில் ஃபாஸ்ட்-மேத் போட்டு ஒரு ஷேர்டு லைப்ரரியை (ஓடும்போது பல புரோகிராம்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஃபைல்) லிங்க் செய்தால், அது லோடு ஆகும்போதே மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும் படி ப்ராசசரின் நிலையை மாற்றிவிடும், பாதிப்பு அந்த லைப்ரரியோடு நிற்காது. நீங்கள் பைதானில் எதையோ இம்போர்ட் செய்கிறீர்கள், சம்பந்தமே இல்லாத வேறு ஒரு லைப்ரரியின் விடை மாறுகிறது. 2023-இல் வந்த ஜிசிசி 13-இல்தான் ஷேர்டு லைப்ரரிகளுக்கு இந்த வேலையை நிறுத்தினார்கள். ஓஃபாஸ்ட் என்ற செட்டிங்குக்குள்ளும் ஃபாஸ்ட்-மேத் ஒளிந்திருக்கிறது. பெயரைப் பார்த்தால் ஓ3-க்கு அடுத்த படி மாதிரி தெரியும், அதனால் பலர் விவரம் தெரியாமல் ஏறிவிடுகிறார்கள். 2024-இல் கிளாங் 19 இந்த ஓஃபாஸ்டைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது, நல்ல காரியம்.

நீங்கள் செய்ய வேண்டியது: நோ-மேத்-எர்நோ போடுங்கள். கூட்டுகிற லூப்பின் தலையில் மட்டும் ஓபன்எம்பி-யின் சிம்டு ரிடக்ஷன் பிராக்மாவை (கோடுக்குள்ளேயே கம்பைலருக்கு எழுதும் குறிப்பு) எழுதி, ஓபன்எம்பி-சிம்டு சுவிட்சைக் கொடுங்கள். "இந்த ஒரு லூப்பில் கூட்டும் வரிசை மாறினால் எனக்குச் சம்மதம்" என்று சொல்வதுதான் அது, மற்ற இடங்களில் கை வைக்காது. மேடமிடம் காட்டுங்கள், மறுக்க மாட்டார்.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஓ0-வில் நன்றாக ஓடும் புரோகிராம், ஓஎஸ் (கோடின் அளவைச் சுருக்கும் ஓ வகை) போட்டால் பட்டனை அழுத்தினாலும் அசையாமல் நிற்கிறது. டீம் லீட் "நம்ம புராஜெக்டுக்கு ஆப்டிமைசேஷன் ஒத்து வராது, ஓ0-லயே விடு" என்று முடித்துவிட்டார். ஃபிளாஷ் மெமரி நிரம்பப் போகிறது.
– கோவை வாசகர்

பதில்: அந்த வசனத்தை எத்தனை ஆபீஸில் கேட்டிருக்கிறேன்! உங்கள் மெயின் ஃபங்ஷனில் "பட்டன்_அழுத்தியாச்சு பூஜ்யமாக இருக்கும் வரை காத்திரு" என்று உள்ளே எதுவும் இல்லாத ஒரு வொய்ல் லூப் இருக்கும், அந்த வேரியபிளை இன்டரப்ட் ஃபங்ஷன் (பட்டன் அழுத்தியதும் ஹார்டுவேரே ஓட வைப்பது) 1 ஆக்கும். சரியா? கம்பைலர் பக்கம் நின்று அந்த லூப்பைப் பாருங்கள். உள்ளே அந்த வேரியபிளை யாரும் மாற்றவில்லை, இன்டரப்ட் ஃபங்ஷனை யாரும் கூப்பிடவும் இல்லை. ஆக ஒரு தடவை படித்தால் போதும், பூஜ்யம் என்றால் என்றைக்கும் பூஜ்யம்தான். ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஜம்ப் கட்டளையை வைத்துவிடுகிறது. ஓ0-வில் ஒவ்வொரு சுற்றிலும் மெமரிக்குப் போய்ப் படித்ததால் பிழைத்தீர்கள், அது உங்கள் கோடின் சாமர்த்தியம் அல்ல.

வேரியபிளுக்கு முன்னால் வாலடைல் என்ற சொல்லைச் சேருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் திரும்பப் படிக்கும். சும்மா எண்ணிக்கொண்டு நேரம் போக்குகிற டிலே லூப் எங்காவது இருந்தால் அதையும் தேடிப் பிடியுங்கள், ஓஎஸ் அதை முழுசாகத் துடைத்துவிடும், டைமரையோ உங்கள் சிப்புக்கு வரும் டிலே ஃபங்ஷனையோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: 8-பிட் ஏவிஆர் சிப்பாக இருந்து அந்த வேரியபிள் 16-பிட் எண்ணாக இருந்தால் வாலடைல் மட்டும் போதாது. படிப்பதற்கே இரண்டு கட்டளை வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இன்டரப்ட் புகுந்தால் பாதி பழைய எண், பாதி புது எண் கையில் வரும். படிக்கிற அந்தக் கணத்துக்கு இன்டரப்டை நிறுத்தி வையுங்கள்.

ஆர்டுயினோ போர்டுகளுக்கு அதன் மென்பொருள் வழக்கமாகவே ஓஎஸ்-இல்தான் கம்பைல் செய்கிறது, இதை லீடிடம் ஜாடையாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: லினக்ஸ் கர்னலே (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) சில ஆப்டிமைசேஷன்களை அணைத்து வைத்திருக்கிறது என்று படித்தேன். அவர்களுக்கே பயம் என்றால் நாமும் அதே சுவிட்சுகளைப் போட்டு அணைத்துவிடுவதுதானே பாதுகாப்பு?
– மதுரை வாசகர்

பதில்: அவர்கள் அணைத்ததற்குப் பின்னால் கதை இருக்கிறது. 2009-இல் கர்னலின் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. கோடு இப்படி: முதல் வரியில் ஒரு பாயிண்டருக்குள் (மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) போய் ஒரு மதிப்பை எடுக்கிறார்கள், அடுத்த வரியில் "பாயிண்டர் நல் (எதையும் காட்டாத வெற்று பாயிண்டர்) ஆக இருக்கிறதா? அப்படியானால் திரும்பிப் போ" என்று சோதிக்கிறார்கள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்பது மாதிரி. ஜிசிசி-யின் வாதம்: நல் பாயிண்டருக்குள் போவதே விதிப்படி கூடாத செயல், நீ போய்விட்டு வந்தாய், அப்படியானால் அது நல் ஆக இருக்க முடியாது, பின்னால் வரும் சோதனை எதற்கு? வெட்டிவிட்டது. மெமரியின் பூஜ்ய முகவரியில் தன் சரக்கை வைக்க வழி தெரிந்த ஒருவர் அந்த இடைவெளி வழியாக ரூட் அதிகாரம் வரை போய்விட முடிந்தது. அதற்குப் பிறகுதான் நல் சோதனையை நீக்காதே என்கிற சுவிட்ச் கர்னலுக்குள் வந்தது. இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதியிருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது விலை. கர்னலில் ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்கும் (ஒரே மெமரியை வேறு வேறு வகை பாயிண்டர்கள் காட்டாது என்று நம்புவது) ஆஃப். நீங்களும் ஆஃப் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்ன லூப்பில் பார்க்கலாம். ஒரு ஃப்ளோட் வரிசையை நிரப்புகிறீர்கள், எத்தனை நிரப்புவது என்பது ஒரு இன்ட் பாயிண்டர் காட்டும் இடத்தில் இருக்கிறது. ஏலியாசிங் விதி ஆனில் இருந்தால், ஃப்ளோட்டை எழுதுவதால் இன்ட் மாறாது என்று கம்பைலர் தைரியமாக நம்பி, எண்ணிக்கையை ஒரே தடவை படித்து வைத்துக்கொள்ளும். ஆஃப் செய்தால், "இப்போது எழுதினேனே, அது அந்த எண்ணிக்கையின் மேலேயே விழுந்திருந்தால்?" என்று ஒவ்வொரு சுற்றிலும் சந்தேகப்பட்டுத் திரும்பப் படிக்கும். எத்தனை சுற்று என்பதே தெரியாதபோது வெக்டரைஸ் எங்கே செய்வது? இந்தக் குறிப்பிட்ட லூப்பில் எண்ணிக்கையை ஒரு லோக்கல் வேரியபிளில் வாங்கி வைத்தால் தப்பிக்கலாம், பெரிய கோடில் இப்படி ஓட்டை ஓட்டையாக அடைத்துக்கொண்டிருக்க முடியாது.

அதே மாதிரி எண் நிரம்பினால் சுற்றி வரட்டும் என்கிற ராப்-வி. 64-பிட் கம்ப்யூட்டரில் இன்ட் வகை "ஐ" நிரம்பவே நிரம்பாது என்று நம்பினால்தான் கம்பைலரால் அதை 64-பிட் ரிஜிஸ்டரிலேயே வைத்து ஓட்ட முடியும். நம்பாதே என்றால் பல லூப்களில் சுற்றுக்குச் சுற்று 32-ஐ 64 ஆக்கும் கூடுதல் கட்டளை ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

கர்னலில் முப்பது வருடப் பழைய கோடு உண்டு, அது ஹார்டுவேரோடு நேரே பேசுகிறது, ஒரே மெமரியைப் பல வகையாகப் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. அவர்கள் தெரிந்தே விலை கொடுக்கிறார்கள். உங்களுடையது அப்படிப்பட்ட கோடு என்றால் தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் டெஸ்ட் பில்டில் சானிடைசர்களை (ஓடும்போதே தப்பைப் பிடிக்கும் கம்பைலர் சோதனைகள்) ஆன் செய்து தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள். அந்த சானிடைசரை மறந்துபோய் ரிலீஸிலும் விட்டுவிடாதீர்கள், அட்ரஸ் சானிடைசர் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடும்.

கேள்வி: லினக்ஸில் பைதானை நானே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தேன், ஷேர்டு லைப்ரரியாக. சாதாரண பில்டைவிட மெதுவாக ஓடுகிறது. ஒரே சோர்ஸ்தானே?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: சோர்ஸ் ஒன்றுதான், ஷேர்டு லைப்ரரி ஆக்கியதும் விதி மாறிவிடுகிறது. லினக்ஸில் ஒரு ஷேர்டு லைப்ரரியின் வெளியே தெரிகிற எந்த ஃபங்ஷனையும் புரோகிராம் ஓடத் தொடங்கும்போது வேறொருவர் தன்னுடையதை வைத்து மாற்றிவிட முடியும், எல்டி-பிரிலோடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜிசிசி இதை மதிக்கிறது. அதே ஃபைலில் பத்து வரிக்கு மேலே இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும், "நாளைக்கு யாராவது இதை மாற்றினால்?" என்று இன்லைன் செய்யாமல் (அதன் கோடைக் கூப்பிடும் இடத்திலேயே பதிக்காமல்), அட்டவணையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போகும். சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் பைதான் மாதிரி புரோகிராமுக்கு இது பெரிய இடி. யாருமே பயன்படுத்தாத ஒரு சுதந்திரத்துக்காக எல்லோரும் வரி கட்டுகிற மாதிரி.

இதை நிறுத்துவது நோ-செமான்டிக்-இன்டர்போசிஷன் என்ற வாய் கொள்ளாத சுவிட்ச். 2020-இல் ஃபெடோரா 32 தன் பைதானுக்கு இதைப் போட்டது. பைதான் 3.10-இலிருந்து கான்ஃபிகரில் எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் கொடுத்தாலே தானாகச் சேர்ந்துவிடும், ஜிசிசி-யில் ஷேர்டு பில்டு 30% வரை வேகமாகிறது என்று பைதான் குழுவே அந்த வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறது. உங்கள் கான்ஃபிகர் வரியில் அந்த எனேபிள் விட்டுப்போயிருக்கும் என்பது என் ஊகம். கிளாங் இந்த விஷயத்தில் ஜிசிசி அளவுக்கு மரியாதை பார்ப்பதில்லை, பாட்டுக்கு இன்லைன் செய்துவிடும்.

கேள்வி: கோடிங் போட்டிகளில் எல்லோரும் ஃபைலின் தலையில் ஓ3, ஏவிஎக்ஸ்2 (சில ப்ராசசர்களில் மட்டும் உள்ள வெக்டர் கட்டளைகள்) என்று பிராக்மா எழுதுகிறார்கள். ஆபீஸ் கோடிலும் அப்படி எழுதலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் ஆப்டிமைசேஷனை மாற்றுவது டீபக்கிங்குக்கு மட்டும், புரொடக்ஷன் கோடுக்கு ஏற்றதல்ல என்று ஜிசிசி கையேடே சொல்கிறது. வேறு வேறு செட்டிங் உள்ள இரண்டு ஃபங்ஷன்களில் ஒன்றை இன்னொன்றுக்குள் இன்லைன் செய்ய முடியாமல் போகலாம், வேகத்துக்காக எழுதிய வரியே வேகத்தைத் தின்றுவிடும். ஏவிஎக்ஸ்2 விஷயம் தனி: அது இல்லாத பழைய சர்வரில் ஓட்டினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று விழும். மார்ச்=நேட்டிவ் (பில்டு செய்யும் மெஷினின் ப்ராசசருக்கே ஏற்றபடி கம்பைல் செய் என்பது) போடுபவர்களுக்கும் இதே ஆபத்து, பில்டு மெஷின் புதிது, ஓடுகிற மெஷின் பழையது என்றால் ராத்திரி போன் வரும்.

கேள்வி: ரஸ்ட் வேகமான மொழி என்றார்கள், என் புரோகிராம் பைதானைவிட மெதுவாக ஓடுகிறது.
– சேலம் வாசகர்

பதில்: கார்கோ ரன் என்று மட்டும் அடித்திருப்பீர்கள், அது டீபக் பில்டு. ரிலீஸ் என்று சேர்த்து அடியுங்கள்.

கேள்வி: செக்யூரிட்டி டீம் சொன்னபடி ஃபோர்டிஃபை-சோர்ஸ் (பஃபர் நிரம்பி வழிவதைப் பிடிக்கும் சோதனை) சேர்த்தேன். ஆப்டிமைசேஷன் இல்லாமல் இது வேலை செய்யாது என்று எச்சரிக்கை வருகிறது. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?
– சென்னை வாசகர்

பதில்: ஒரு ஃபங்ஷனுக்குப் போகும் பஃபர் எத்தனை பைட் என்று கம்பைலரே கண்டுபிடித்தால்தான் ஃபோர்டிஃபை காவல் வைக்க முடியும், அந்தக் கண்டுபிடிப்பு ஆப்டிமைசேஷன் ஓடும்போது நடக்கிற வேலை. ஓ0-வில் காவல்காரர் சம்பளப் பட்டியலில் இருப்பார், வாசலில் இருக்க மாட்டார். டீபக் பில்டில் அந்த எச்சரிக்கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ரிலீஸ் பில்டில் வந்தால் மட்டும் ஓசூர்க்காரருக்குச் சொன்ன பதிலை மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி: ஒரு பழைய மேக்ஃபைலில் ஓ9 என்று பார்த்தேன். அது ஓ3-ஐவிட மூன்று மடங்கு வேகமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: ஜிசிசி-க்கு 3-க்கு மேல் எந்த எண் கொடுத்தாலும் அது ஓ3 தான். எழுதியவருக்கு ஒரு மனத்திருப்தி, அவ்வளவுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.